குதிரைக் காலில் விழுந்து எடுத்த படங்கள்

எங்கள் மருத்துவ வண்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு இளம் டாக்டர்கள் போன வாரம் மரக்காணத்துக்கு வந்தார்கள். என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு ஒரு போனை நீட்டினார்கள். குதிரைக் குளம்பை அதில் படம் எடுத்தால் போதுமாம். அதுவே கோடு போடும், சாய்வு எவ்வளவு என்று அதுவே சொல்லும். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் கொண்டுவந்த சிக்கல் வேறு. ஒரே குதிரையின் ஒரே காலை இருவரும் எடுத்திருக்கிறார்கள். போன் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறது.

“நீங்க எப்படி எடுத்தீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்” என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் ஒன்றைக் கேட்டால் அவன் ஒன்றோடு நிறுத்த மாட்டான். இளம் வயது, அவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் டாக்டர் இல்லை. மரக்காணம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். சவரிமுத்து என்றால் பலருக்குத் தெரியாது. ஸ்டுடியோ சவரி என்றால் தெரியும். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை, பாஸ்போர்ட் என்று எல்லாம் எடுத்தேன். பிறகு குதிரைகளுக்கென்று ஓர் அறக்கட்டளை மருத்துவ வண்டி விட்டது. ஓட்டத் தெரிந்த, படமும் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளம் என்றதும் சேர்ந்துவிட்டேன். குதிரையைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது, அதன் பின்னால் போய் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான். அதையும் வண்டி கிளீனர்தான் சொன்னான்.

என் மனைவி லூர்து மேரி இந்த வேலையைப் பற்றி உறவுக்காரர்களிடம் சொல்லும் விதம் ஒன்று உண்டு. “அந்தக் காலத்துல பொண்ணு மாப்பிள்ளைய கால்கடுக்க நிக்க வெச்சு படம் எடுத்தாரு. இப்போ இவரே குதிரை கால்ல விழுந்துட்டாரு” என்பாள். அதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. குளம்பைச் சரியாகப் படம் எடுக்க விழத்தான் வேண்டும்.

விழ வைத்தவர் எங்கள் வண்டியின் டாக்டர் மங்கையர்க்கரசி. திண்டிவனத்துக்கு மேற்கே விவசாயக் குடும்பம். வீட்டில் மாடுதான் உண்டு, குதிரை கிடையாது. என்னைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குதிரைகளை ‘வாங்க, நில்லுங்க, காலைக் குடுங்க’ என்றுதான் பேசுவார். எங்களையும் அப்படித்தான் பேசினார் என்றாலும், குதிரையிடம் பேசும்போது அந்த ‘ங்க’ கொஞ்சம் கூடுதல் இனிப்பாக இருந்ததாக எனக்கும் கிளீனருக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

அவருடைய பாராட்டைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. நான் எடுத்த முதல் படம் இன்னும் நினைவிருக்கிறது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் மின்ன, தூரத்தில் உப்பு அம்பாரங்கள் வரிசையாக நிற்க, முன்னால் ஒரு கறுப்புக் குதிரையின் கால். மேலிருந்து கொஞ்சம் சாய்த்து எடுத்திருந்தேன். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்குது சவரி சார். காலண்டர்ல போடலாம். இன்னொண்ணு எடுங்க” என்றார்.

அவர் ‘நல்லா இருக்குது’ என்றால் அந்தப் படம் உதவாது என்று பொருள். உதவும் படத்துக்கு அவர் ஒன்றுமே சொல்ல மாட்டார். அடுத்த காலுக்குப் போய்விடுவார்.

இனி, எழுதச் சொன்னதை எழுதுகிறேன். முதலில் தரை. குதிரை நிற்கும் இடம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். உப்பளத்தில் கெட்டியான தரையும் இல்லை, மட்டமான தரையும் இல்லை. வரப்பு சரிந்திருக்கும், மற்றதெல்லாம் சேறு. கடைசியில் ஓர் உப்பள முதலாளி, மூட்டை பிடிக்கும் சிமெண்டு மேடையை மாதம் ஒரு காலை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். டாக்டரம்மா கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்து அந்த மேடை முழுவதையும் சோதித்து, ஒரு மூலையை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அந்த மூலையில் ஒரே கனத்தில் இரண்டு பலகைகள். ஒவ்வொரு முன்னங்காலும் ஒரு பலகைமேல். அப்போதுதான் கேமராவைத் தரையில் வைத்தால் அதன் கண் குளம்பின் அடிக்கு நேராக வரும். கேமரா நிமிர்ந்து பார்க்கவும் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. தரையில் ஊரும் எறும்பு குளம்பை எந்த உயரத்திலிருந்து பார்க்குமோ அந்த உயரம். பக்கவாட்டில் எடுக்கும்போது அந்தக் குளம்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். குதிரைக்கு என்று சொல்லவில்லை, குளம்புக்கு. சில குதிரைகள் பாதத்தை வெளியே திருப்பித்தான் நிற்கும்.

அடுத்தது தூரம். நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். பலகையிலிருந்து முடிச்சு வரை. கிட்டே போனால் செல்ஃபியில் மூக்கு பெரிதாவது போலக் குளம்பின் முன்பகுதி பெரிதாகிவிடும். புது டாக்டர்களின் போன் ஏன் ஆளுக்கொரு பதில் சொன்னது என்றால், ஒருவர் கிட்டே குனிந்து எடுத்திருக்கிறார், இன்னொருவர் தள்ளி நின்று எடுத்திருக்கிறார். போன்மேல் குற்றமில்லை.

குளம்பைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாமல் எடுக்கக் கூடாது; இங்கே உப்புப் படிந்து இல்லாத கோடுகளையெல்லாம் காட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் நிற்க வேண்டும். சிலேட்டில் குதிரையின் பெயரும் எந்தக் கால் என்பதும் இருக்க வேண்டும். இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஸ்டுடியோக்காரனுக்கு இடது என்றால் தன் இடது. “உங்க லெப்ட் இல்லைங்க, அவங்க லெப்ட்” என்பார் டாக்டரம்மா. அந்த ‘அவங்க’ வாயில் புல்லோடு என்னைத் திரும்பிப் பார்க்கும்.

கடைசியாக, குதிரை இரண்டு முன்னங்காலிலும் சமமாக எடை போட்டு நிற்க வேண்டும். அது நிற்கிற நேரம் வரை காத்திருக்க வேண்டும். கல்யாணத்தில் நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. தாலி எடுத்துக்கொடுக்கும் ஐயரையே ‘இன்னொரு தடவை’ என்று நிறுத்தியவன். இங்கே வயிற்றைத் தரையில் போட்டு, சாக்கின்மேல் படுத்து, ஒரு மட்டக் குதிரை கொட்டாவி விட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கிடந்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் உப்பு வாரும் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவர்களில் பச்சையம்மாள் என்பவர் ஒருநாள் தலைச்சுமையோடு நின்று, “இன்னா ஸ்டுடியோ, குதிரைக்கு ஆதார் எடுக்கிறீங்களா? மூஞ்சிய விட்டுட்டீங்களே” என்றார். டாக்டரம்மா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது என் மனத்துக்குள் ஒரு குறை இருந்தது. முப்பது வருடமாகப் படத்தின் மூலையில் என் முத்திரையைப் போட்டவன் நான். சவரி எடுத்த படம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது என் கர்வம். டாக்டரம்மா கேட்டது இதற்கு நேர்மாறு. யார் எடுத்தாலும் ஒரே படம் வர வேண்டும் என்றார். அப்படியானால் நான் எதற்கு என்று வீட்டில் போய்ப் புலம்பினேன். வண்டி ஓட்டுவதற்கு என்று லூர்து மேரி சொன்னாள்.

யார் எடுத்தாலும் ஒரே படம் எதற்கு என்பது காதர் பாயின் குதிரை சுல்தானா விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. மூன்று குதிரைகளில் சுல்தானாதான் அவருக்கு உயிர். பால் வெள்ளை. பேண்டு அடித்தால் முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள். முகூர்த்தமில்லாத மாதங்களில் பாய் அவளை மரக்காணம் உப்பளத்துச் சாலையோரம் கொண்டுவந்து நிறுத்துவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டி வருகிறவர்கள் இறங்கி, உப்பு அம்பாரம் பின்னால் தெரிய அவள்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்த மாதங்களில் எங்கள் மேடைக்கும் அழைத்து வருவார்.

குதிரைக் குளம்பு நம் நகம் மாதிரிதான். மேலே தோலை ஒட்டி முளைத்து, மெல்லக் கீழே இறங்கும். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். சுல்தானாவின் படங்களை மாதவாரியாக மேசைமேல் வரிசையாக வைத்தபோது, அந்தக் கோடு மெதுமெதுவாக வளைந்திருந்தது. மேலே ஒரு சாய்வு, கீழே வேறு சாய்வு. குறுக்கே வளையங்கள், முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் பிரிந்து போயின. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சதை வீங்கி, பிடி தளர்கிறது என்றார். முற்றினால் எலும்பு உள்ளேயே இறங்கிவிடும்; பிறகு அவளால் நிற்கவே முடியாது.

காதர் பாய் நம்பவில்லை. நொண்டாத குதிரைக்கு என்ன நோய் என்றார். அதன்பின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க சவரிண்ணே. என் நிக்காஹ் ஆல்பத்துல என்னையே ஒல்லியா காட்டினவரு நீங்க. உங்க படத்த நம்பி நான் குதிரைய வீட்ல கட்டிட முடியுமா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. அந்த ஆல்பத்தில் அவருடைய வயிற்றைக் குறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டரம்மா அதற்குக் கோபப்படவில்லை. என் கையிலிருந்த கேமராவை வாங்கி அவரிடம் நீட்டினார்.

“சரி பாய், நீங்களே எடுங்க. எப்படின்னு மட்டும் நான் சொல்றேன்.”

பாய் லுங்கியை மடித்துக்கட்டிச் சாக்கில் படுத்தார். அவர் வயிறு தரையில் பட்டதும் தலையும் காலும் தூக்கிக்கொண்டன. ஒருக்களித்துப் பார்த்தார். முடிவில் மேடைக்குக் கீழே இறங்கி நின்று, மார்பைச் சிமெண்டில் சாய்த்து, நூல் முடிச்சுக்குக் கேமராவைத் தள்ளிவைத்து, கண்ணைச் சுருக்கினார். பச்சையம்மாளும் கூட வந்த பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுல்தானா சமமாக நிற்கும் வரை டாக்டரம்மா அவரை அழுத்த விடவில்லை. அவர் ஒரு படம் எடுத்தார். டாக்டரம்மா கேமராவின் திரையில் வந்த அந்தப் படத்தையும் என் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தார். நகல் எடுத்தது மாதிரி இருந்தன. அதே வளைவு, அதே வளையங்கள்.

பாய் கொஞ்சநேரம் திரையையே பார்த்தார். அப்புறம் மேடையில் ஏறிப்போய், சுல்தானாவின் முன்னால் குந்தி, கட்டைவிரலைக் குளம்பின் மேலிருந்து கீழே இழுத்தார். பாதி வழியில் விரல் நின்றது. தினமும் அந்தக் காலைக் கழுவியவர் அவர். மாதாமாதம் துளித்துளியாக மாறியது கழுவும் கைக்கு எப்படித் தெரியும்?

என்ன தீனி என்று டாக்டரம்மா கேட்டார். புல்லும் கொஞ்சம் கொள்ளும்தான் என்றார் பாய். கொஞ்சம் பொறுத்து, கல்யாண வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றார். எனக்கு அது தெரிந்த காட்சிதான். மாப்பிள்ளை லட்டு ஊட்டாத குதிரை ஊர்வலம் இந்தக் கரையில் கிடையாது. வீட்டுப் பெரியவர், மாமன், மச்சான் எல்லாரும் ஆளுக்கொன்று ஊட்டுவார்கள். சுல்தானாவும் யார் மனத்தையும் புண்படுத்தியதில்லை.

இனிப்பு கூடாது, ஆட்டம் கூடாது, முதுகில் ஆள் கூடாது என்றார் டாக்டரம்மா. லாடக்காரரை வரவழைத்து, அவரோடு படங்களை வைத்துப் பேசி, நீண்ட நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆடவிடாமல், ஆளேற்றாமல், சும்மா நிறுத்திக் கூட்டி வருகிறேன் என்றார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றவும் செய்தார். ஆனால் அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த வீட்டுப் பெண்கள் ஒரு தாம்பாளம் நிறைய அன்பு செலுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பாயிடமிருந்து போன். நாங்கள் போனபோது பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கொட்டகையில் சுல்தானா முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, சுடுமணலில் நிற்பவள் மாதிரி நின்றாள். ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. குளம்பைத் தொட்டால் கொதித்தது. காதர் பாயின் அந்தப் பெரிய சிரிப்பைக் காணோம். அவரை அப்படி நான் பார்த்ததில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. மருந்து ஏற்றிவிட்டு, ஐஸ் வேண்டும் என்றார். நான் வண்டியைக் கடற்கரைக்கு விட்டு, மீனுக்கு உடைத்துப் போடும் ஐஸை மூட்டையாக ஏற்றி வந்தேன். இரண்டு மீன் டப்பாக்களையும் அங்கேயே கேட்டு வாங்கினேன். சுல்தானாவின் முன்னங்கால்களைக் காலுக்கொரு டப்பாவில் வைத்து, முழங்காலுக்குக் கீழே வரை ஐஸைக் கொட்டினோம். கரைந்தால் மறுபடி கொட்டினோம். இரண்டு மூன்று நாள் மாறி மாறி இதே வேலை. கொட்டகை முழுக்க வஞ்சிர மீன் வாசனை. அந்தத் தெருப் பூனைகள் அத்தனையும் வாசலில் வந்து உட்கார்ந்து, இவ்வளவு பெரிய மீனை எப்போது வெட்டுவார்கள் என்று காத்திருந்தன. பாய் முதல்முறையாக லேசாகச் சிரித்தது அவற்றைப் பார்த்துத்தான்.

படுக்க, நிற்க எல்லாம் கடல் மணல் கொட்டினோம். வலி கொஞ்சம் அடங்கியதும் புதுச்சேரியிலிருந்து எக்ஸ்ரே கருவி வந்தது. எலும்பு உள்ளே கொஞ்சம் திரும்பியிருந்தது. பாயின் உறவினர் ஒருவர், ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் அந்தப் பிராணிக்கு நல்லது என்றார். அவர் சொன்னதும் கல்நெஞ்சால் அல்ல.

டாக்டரம்மா பாயைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “இப்போ என்னால எதுவும் சொல்ல முடியாது பாய். மேல இருந்து புதுக் குளம்பு ஒழுங்கா இறங்கிச்சுன்னா பொழைச்சிடுவாங்க. கோணலா இறங்கிச்சுன்னா நானே வந்து சொல்றேன், போதும்னு. அது வரைக்கும் டைம் குடுங்க.”

ஒழுங்கா, கோணலா என்று காட்டப்போவது என் படம். அதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. ‘பார்க்கத்தானே போறீங்க, எடுக்கத்தானே போறீங்க, நீங்களா முளைக்க வைக்கப் போறீங்க’ என்று லூர்து மேரி ரசத்தை ஊற்றினாள்.

அடுத்த மாதம் கொட்டகையிலேயே மணலை ஒதுக்கி, பலகைகளை மட்டமாக வைத்துப் படம் எடுத்தோம். மேலே புதிதாக இறங்கிய பகுதி மெல்லிய கோடுதான். ஆனால் அதுவும் கோணலாகத் தெரிந்தது. பாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா படத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, சுல்தானாவின் கால்களையே பார்த்தார். வலித்த காலில் எடை போடாமல் அவள் லேசாக ஒதுங்கி நிற்கிறாள் என்றார். சமமாக நிற்காத குதிரையின் படத்தை வைத்து உயிரைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று எடுங்கள் என்றார்.

நான் மறுபடி படுத்தேன். பாய் அவளை நேராக நிறுத்தக் கயிற்றைப் பிடித்தார். டாக்டரம்மா தடுத்தார். “இழுக்காதீங்க. அவங்களா நிக்கட்டும்.”

காலை வெயில் கொட்டகைக்குள் வந்து, என் முதுகின்மேல் ஏறி, இறங்கியும் போய்விட்டது. நான் அசையவில்லை. என் மூக்கின்மேல் ஓர் ஈ நடந்தது. பொம்மையார்பாளையம் போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பாய் சுல்தானாவின் கழுத்தைத் தடவி, உருதுவும் தமிழும் கலந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். திடீரென்று அவள் ஒரு நீண்ட மூச்சை விட்டாள். ஒதுக்கி வைத்த காலை எடுத்து, நேராக ஊன்றி, தலையைத் தொங்கவிட்டாள். நான் அழுத்தினேன்.

டாக்டரம்மா படத்தில் அளவுகோலை வைத்தார். தோலுக்குக் கீழே அந்த மெல்லிய கோடு அளவுக்குப் புதுக் குளம்பு நேராக, சரியான சாய்வில் இறங்கியிருந்தது. பழைய வளைவு அதற்குக் கீழே தள்ளப்பட்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சநேரம் கழித்து, டீ கிடைக்குமா பாய் என்று கேட்டார். பாய்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. டீ வாங்கப் போனவர் வழியில் எங்கோ நின்று அழுதுவிட்டுத்தான் வந்தார், டீ ஆறியிருந்தது.

பழைய குளம்பு முழுக்க இறங்கி வெட்டுப்பட்டுப் போக ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. சுல்தானா அதன்பின் ஆடவில்லை. யாரையும் சுமக்கவும் இல்லை. கடற்கரை மணலில் தன் இஷ்டத்துக்கு நடந்தாள். அந்தப் படங்களை டாக்டரம்மா வரிசையாக ஒட்டி, இடையஞ்சாவடிப் பக்கம் குதிரை வளர்ப்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் காட்டினார். யார் எடுத்தது என்று ஒருவர் கேட்டார். “நாங்க மூணு பேரு எடுத்தது” என்றார் டாக்டரம்மா. மூன்றாவது ஆளான காதர் பாய் எழுந்து நின்று வணக்கம் வேறு வைத்தார். அவர் எடுத்தது ஒரே ஒரு படம். மூலையில் முத்திரை இல்லாததால் நானும் வாதாட முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் காதர் பாயின் மகளுக்கு நிக்காஹ். டாக்டரம்மாவும் நானும் லூர்து மேரியும் போயிருந்தோம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் சுல்தானா நடப்பாள் என்று பாய் சொல்லிவிட்டார். முதுகில் ஜரிகைத் துணி மட்டும். மாப்பிள்ளை பின்னால் நடந்து வந்தார்; அவர் அப்பாவுக்கு அதில் வருத்தம், மகனுக்காகக் கார் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தெருவில் டாக்டரம்மா சொன்னபடி மணல் பரப்பியிருந்தது. சுல்தானா அவசரப்படவில்லை. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலையை முகர்ந்தாள், இன்னொரு வாசலில் நின்று குழந்தைகளைப் பார்த்தாள். பேண்டுக்காரர்கள் முதலில் வேகமாக ஆரம்பித்து, அவளுக்கு ஏற்றபடி குறைத்துக் குறைத்து, கடைசியில் தாலாட்டு மாதிரி வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரமாகிறது என்றார்கள்.

“அவ வரட்டும்” என்றார் காதர் பாய். “அவ இல்லாம என் பொண்ணுக்கு நிக்காஹ் கிடையாது.”

அதன்பின் யாரும் அவசரப்படுத்தவில்லை. மாப்பிள்ளை, மாமன், மச்சான், மைக் செட்டுக்காரர், நாங்கள் எல்லாரும் ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரையின் நடைக்கு நடந்தோம். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி பாதி ஆறிப்போயிருந்தது. காதர் பாய் முதல் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அவள் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார்.